ஊசிக்காதும் ஒரு சின்ன ரிமோட்டும்

அம்மா தையல் மெஷின் ஊசியில் நூல் கோர்ப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நூல் முனையை உதட்டில் வைத்து நனைப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு முறுக்கு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஊசிக்காதுக்கு நேர் எதிரே முகத்தைக் கொண்டுபோவார். நூல் உள்ளே நுழைவதற்கு முன்னால் கீழுதட்டை உள்ளே மடித்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். அந்த மூச்சுப் பிடித்த கணம்தான் எனக்கு வேண்டும். சின்ன வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த முகம் அது.

ஆனால் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தால் போதும், அது பாஸ்போர்ட் போட்டோ முகமாகிவிடும். கழுத்து நேராகும், முடியை ஒதுக்கிக்கொள்வார், "எடுத்துட்டியாப்பா?" என்பார். டிரைபாடில் நிறுத்திச் செல்ஃப் டைமர் வைத்துப் பார்த்தேன். பத்து நொடிக்குக் கேமராவின் முன்னால் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அம்மா அதை வாய்விட்டு எண்ணுவார். பத்தாவது நொடியில் நூல் எங்கேயோ இருக்கும், கண் லென்ஸில் இருக்கும்.

கேமராவைத் தொடாமலே ஷட்டரை அழுத்தும் ரிமோட்டை வாங்கியது இதற்காக இல்லை. நிலாவுக்காக வாங்கினேன். 300 மிமீ லென்ஸில் நிலாவை எடுத்தால் ஓரம் கொஞ்சம் கரைந்தாற்போல வந்துகொண்டிருந்தது. காரணம் என் விரல்தான். ஷட்டர் பட்டனை அழுத்தும் போது கேமரா முழுவதும் மயிரிழை அளவு கீழே குனிகிறது. லென்ஸ் நீளமாக நீளமாக அந்த மயிரிழை படத்தில் பெரிதாகிறது. என்னுடையது போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, படம் எடுக்கும்போது அது மேலே எழுவதால் ஏற்படும் அதிர்வு வேறு. ஷட்டர் வேகம் அறுபதில் ஒரு நொடியிலிருந்து ஒரு நொடி வரை இருக்கும் இடைவெளியில்தான் இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆயிரத்தில் ஒரு நொடியில் அசைவுக்கு நேரமே கிடைக்காது. முப்பது நொடிப் படத்தில் அந்த முதல் நடுக்கம் கணக்கில் வராது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலா, மலை, கட்டடம் என்று அசையாததை மட்டும் எடுப்பவர்களுக்கு ரிமோட் தேவையில்லை. கேமராவிலேயே இருக்கும் இரண்டு நொடி டைமர் போதும். கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்கும் வசதியையும் சேர்த்துக்கொண்டால் தாராளம். நிலா உங்களுக்காக இரண்டு நொடி காத்திருக்கும். எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டிய இடத்தில்தான் ரிமோட்டுக்கு வேலை வருகிறது.

என்னுடையது கேனன் 700டி. முதலில் வாங்கியது அதற்கேற்ற ஆர்சி-6. தீப்பெட்டியைவிட மெல்லியது, ஒரே பட்டன், உள்ளே சிஆர்2032 பட்டன் செல். டிவி ரிமோட் போலவே அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. முதல் நாள் டிரைபாடுக்குப் பின்னால் நின்றுகொண்டு அழுத்து அழுத்து என்று அழுத்தினேன், அசையவே இல்லை. கெட்டுப்போன பொருள் என்றே நினைத்துவிட்டேன். விஷயம் என்னவென்றால், அந்த ஒளியைப் பார்க்கும் சின்னக் கறுப்பு ஜன்னல் கேமராவின் முன்பக்கம், கைப்பிடியில் இருக்கிறது. கேமராவைப் பார்த்து நிற்பவருக்காக, அதாவது குடும்பப் படத்தில் தானும் சேர நினைப்பவருக்காகச் செய்தது. பின்னால் நிற்பவன் கையைச் சுற்றி முன்னால் நீட்ட வேண்டும், அல்லது எதிரே இருக்கும் வெள்ளைச் சுவரைப் பார்த்து அழுத்தலாம். சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒளியே பல நேரம் போதுமானது. வீட்டுக்குள் நான் அப்படித்தான் எடுத்தேன். வெளியே வெயிலில் அது நடக்காது. சூரிய ஒளியிலேயே அகச்சிவப்பு நிறைய இருப்பதால், ஐந்து மீட்டர் போக வேண்டிய சிக்னல் இரண்டு மீட்டரில் திணறும்.

செல் தீர்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் ஒரு வழி உண்டு. ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பெரும்பாலான பேசிகளின் திரையில் வெளிர் ஊதாவாக ஒரு முறை மினுக்கும். மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது, தவறு வேறெங்கோ. பெரும்பாலும் கேமராவின் டிரைவ் மோடை, அதாவது படம் எடுக்கும் முறையை, ரிமோட்டுக்கு மாற்ற மறந்திருப்போம்.

அம்மாவை எடுக்க இது கைகொடுக்கவில்லை. ரிமோட்டைக் கேமரா பக்கம் நீட்ட வேண்டும். கை நீண்டதுமே அம்மாவின் கண் அங்கே போய்விடும். மடியில் வைத்த கையை அசைக்காமல் அழுத்த முடிகிற ஒன்று வேண்டும் என்று ரேடியோ ரிமோட்டுக்கு மாறினேன். ரிசீவர் கேமராவின் தலையில், ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் உட்காரும். அதிலிருந்து ஒரு குட்டைக் கம்பி கேமராவின் ரிமோட் துளைக்குப் போகும். டிரான்ஸ்மிட்டர் நம் கையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை என்பதால் நேர்கோடு தேவையில்லை, பக்கத்து அறையில் இருந்துகூட எடுக்கலாம்.

வாங்கும்போது கம்பியின் பிளக்கைக் கட்டாயம் பாருங்கள். எனக்கு முதலில் வந்தது மூன்று முள் பிளக். அது அதே கேனனின் பெரிய மாடல்களுக்கானது. என்னுடையதற்கு வேண்டியது 2.5 மிமீ குட்டி ஜாக், பழைய ஹெட்போன் பின்னைவிட ஒரு சுற்று சின்னது. நிக்கான், சோனி எல்லாவற்றுக்கும் வேறு வேறு வடிவம். நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல் மாடல் எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பிளக் மாற்றி வர இரண்டு வாரம் ஆனது.

அந்தக் குட்டி ஜாக்கில் மூன்றே தொடர்புகள்தான். ஒன்று தரை (மின்சுற்றின் பொதுக் கம்பி), ஒன்று ஃபோகஸ், ஒன்று ஷட்டர். ஃபோகஸ் கம்பி தரையைத் தொட்டால் அது அரை அழுத்தம், கேமரா தயாராகும்; ஷட்டர் கம்பியும் தொட்டால் முழு அழுத்தம், படம் விழும். இவ்வளவுதான் உள்ளே நடக்கிறது. இதனால் பட்டனில் அரை அழுத்தம் கிடைத்தது. அகச்சிவப்பு ரிமோட்டில் எனக்கு அது கிடையாது. நெடுநேரம் காத்திருந்து கேமரா தூங்கிப்போனாலும் அரை அழுத்தம் எழுப்பிவிடும். ஒரு எச்சரிக்கை: டிரான்ஸ்மிட்டரை உள்ளங்கையில் மூடி, முதுகுக்குப் பின்னால் வைத்து அழுத்தினால் சில நேரம் சிக்னல் போகாது. நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். கேமரா இருக்கும் பக்கமாகத் தொடையருகே வைத்துக்கொண்டால் தொந்தரவு இல்லை.

புளூடூத் ரிமோட்டும் கைப்பேசிச் செயலியும் இப்போதைய கேமராக்களில் உண்டு. புளூடூத் ரிமோட் நல்லது, ஒரு முறை ஜோடி சேர்த்தால் முடிந்தது. செயலியை மட்டும் இந்த மாதிரி வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். அதில் படம் தெரிகிறது, அதனால் திரும்பவும் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

சரி, அம்மாவிடம் வருகிறேன்.

டிரைபாடை மெஷினுக்கு எதிரே சற்றுத் தாழ்வாக நிறுத்தினேன். 50 மிமீ லென்ஸ், துளை எஃப் 4, ஐஎஸ்ஓ 800, கடைசியில் நிலைத்த ஷட்டர் வேகம் முப்பதில் ஒரு நொடி. ஆட்டோ ஃபோகஸை அணைத்தேன். இது முக்கியம். ஆட்டோவில் இருந்தால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் லென்ஸ் தேட ஆரம்பிக்கும். தேடியது கிடைக்கவில்லை என்றால் ஷட்டரே விழாது, கிடைத்தாலும் ஊசியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் திரைச்சீலையைப் பிடித்திருக்கும். கேமராத் திரையிலேயே காட்சியைக் காட்டும் லைவ் வ்யூவில் பத்து மடங்கு பெரிதாக்கி ஊசிக்காதில் ஃபோகஸ் வைத்தேன். லென்ஸின் ஃபோகஸ் வளையம் நகராமல் ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டினேன். பிறகு லைவ் வ்யூவை அணைத்தேன்.

முதல் நாள் மாலை எடுத்த படங்கள் எல்லாம் இருட்டு. அவற்றுக்கு நடுவில் ஒன்றிரண்டு மட்டும் சரியான வெளிச்சத்தில். அளவு எதையும் நான் தொடவில்லை, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தீர்மானிக்கட்டும் என்று விட்டிருந்தேன். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. கேமராவுக்குப் பின்னால் அறையின் இன்னொரு ஜன்னல் இருந்தது. வழக்கமாக வ்யூஃபைண்டரில் என் கண் அடைத்துக்கொண்டிருக்கும். இப்போது நான் அங்கே இல்லை. பின்பக்க வெளிச்சம் அந்தத் துவாரம் வழியாக உள்ளே இறங்கி, அருகிலேயே இருக்கும் ஒளிமானியில் விழுந்திருக்கிறது. அறை நல்ல வெளிச்சம் என்று கேமரா நம்பி ஷட்டரைச் சீக்கிரம் மூடியிருக்கிறது. அந்த ஜன்னலின் திரைச்சீலை காற்றில் ஆடி அதை மறைத்த நேரத்தில் எடுத்தவைதான் அந்தச் சரியான ஒன்றிரண்டு. கேமராவைத் தோளில் மாட்டும் வாரில் கோர்த்திருக்கும் சதுர ரப்பர் துண்டைப் பல வருடமாக அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது இந்தத் துவாரத்தை மூடத்தான் இருக்கிறது! மூடினேன், அளவுகளையும் மேனுவலில் பூட்டினேன், அதோடு தீர்ந்தது.

அப்புறம் அம்மாவிடம் ரிமோட்டைக் காட்டினேன். தெரியாமல் எடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "இது என் கையில இருக்கும்மா, எப்ப அழுத்துவேன்னு சொல்ல மாட்டேன். பிடிக்காத படத்தை நீங்களே அழிச்சுடலாம்" என்றேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று கொடுத்துவிட்டார்.

முதல் அரை மணி நேரம் நான் ஒன்றுமே எடுக்கவில்லை. தரையில் சுவரோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். தைத்துக்கொண்டே அம்மா தன் முதல் மெஷின் வந்த கதையைச் சொன்னார். நடுவில் ஒரு தடவை ஷட்டர் சத்தம் கேட்டபோது நிமிர்ந்து பார்த்தார், இரண்டாவது தடவை பார்க்கவில்லை. தொடர்ச்சியாகப் படபடவென்று எடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் போடவில்லை. ஒரு சத்தம் அறையில் கரைந்துவிடும், பத்துச் சத்தம் ஆளைக் கலைத்துவிடும்.

கேமராவுக்குப் பின்னால் இருந்த இத்தனை வருடங்களில் அம்மா நூல் கோர்ப்பதை நான் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு சின்னச் சட்டத்துக்குள். அன்றைக்கு இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதனால் ஒன்று பிடிபட்டது. உதடு மடிவதற்கு முன்பே இடது தோள் லேசாக இறங்குகிறது. சட்டத்துக்குள் தோள் வந்ததே இல்லை. தோள் இறங்கினால் ஒரு நொடிக்குள் மூச்சு நிற்கும். மூச்சு நின்றால் விரலும் நிற்கும், முப்பதில் ஒரு நொடிக்கு அந்த நிதானம் போதும். தோளைப் பார்த்து அரை அழுத்தம், உதட்டைப் பார்த்து முழு அழுத்தம். மூன்றாவது முறையில் படம் விழுந்தது. எடுத்ததைப் போய்ப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், கதை இன்னும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் அம்மாவால் நூல் கோர்க்க முடியவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, "வா, நீ கோத்துக் குடு" என்றார். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தேன். நூலை நனைத்து முறுக்கி ஊசிக்காதுக்கு முன்னால் குனிந்தபோது ஷட்டர் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ரிமோட் அம்மா கையில் இருந்தது.

வளையத்தில் டேப் அப்படியே இருந்ததால் ஃபோகஸ் ஊசிக்காதிலேயே நின்றிருந்தது. வெளிச்சம் போதாமல் படம் கொஞ்சம் இருட்டுதான். நூல் முனை, என் விரல்கள், என் முகம் எல்லாம் தெளிவாக இருந்தன. கீழுதட்டை உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்.