650 வார்த்தைக்குள் ஒரு பால் சொசைட்டி

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஆன்லைன் விண்ணப்பம்) வழியாக விண்ணப்பித்தால், மார்க் போக, நம்மைப் பற்றி ஒரு கட்டுரையும் கேட்பார்கள். உச்சவரம்பு 650 வார்த்தை. பிளஸ் டூ வரை நான் எழுதியதெல்லாம் முன்னுரை, பொருளுரை, முடிவுரைதான். அதே பழக்கத்தில் கலாமின் கனவில் தொடங்கி, நாட்டுக்கு உழைப்பேன் என்று முடித்து, முந்தைய வருடம் அங்கே படிக்கப் போன எங்கள் ஊர் அக்காவுக்கு அனுப்பினேன்.

“சூப்பர். கலாமுக்கு சீட் கண்டிப்பா கிடைக்கும். உனக்கு?” என்று பதில் வந்தது.

நடுவில் ஒரு கன்சல்டன்ட் மாதிரிக் கட்டுரை காட்டினார். கால் உடைந்து மீண்டு வந்த விளையாட்டு வீரனின் கதை. எனக்குக் காலும் உடையவில்லை, விளையாட்டும் வராது.

அப்புறம் அக்காவே போனில், “இங்கிலீஷை விடு. கடைசியா எதுக்குக் கோபப்பட்டே, தமிழ்ல சொல்லு” என்றார்.

கோபி பக்கம் எங்கள் ஊர். லீவு நாட்களில் பால் சொசைட்டியில் நோட்டு எழுதுவேன். பாலின் அடர்த்தியை அளக்க அதில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரில், எதிர்வீட்டு அத்தையின் பால் மட்டும் எப்போதும் குறைவாகவே காட்டும். ‘தண்ணி’ என்று காசைக் குறைப்பார்கள். வீடு எதிரிலேயே என்பதால், அவர் கறந்த சூட்டோடு கொண்டுவருவார். சூடான பாலுக்கு அடர்த்தி குறைவு. மீட்டர் கூடுதலாக மூழ்கும். வெப்பநிலை பார்த்துத் திருத்தம் போட வேண்டும், யாரும் போடவில்லை. ஒருநாள் அதே பாலைச் சொம்பில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றி அளந்தேன். 26.5 காட்டியது 28-க்கு ஏறியது.

கட்டுரைக்கு காமன் ஆப் தரும் ஏழு கேள்விகளில் ஒன்று, நம்பிக்கொண்டிருந்த ஒன்றைக் கேள்வி கேட்ட தருணம் பற்றியது. அதை எடுத்துக்கொண்டேன். முதலில் 1,100 வார்த்தை வந்தது. எண்ணிச் சுட்ட பணியாரம் மாதிரி ஒவ்வொன்றாகக் கழித்தேன். ‘விவசாயியின் கண்ணீர்’ பத்தி முழுசாகப் போனது. செயலாளரிடம் நான் வாதாடி ஜெயித்ததாக எழுதிய முடிவில் மட்டும் அக்கா நின்றுவிட்டார்.

“நிஜமாவே சொன்னியா?”

சொல்லவில்லை. பயம். அதையும் அப்படியே எழுதச் சொன்னார். அந்த நாலு வரிக்குத்தான் மூன்று நாள் ஆனது, அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில்.

ஜனவரி 1 கெடு. முந்தைய நாள் அனுப்பிவிட்டு அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

“என்னைப் பத்தி என்ன கண்ணு எழுதின?”

“உங்க பால்ல தண்ணி இல்லைன்னு எழுதினேனுங்க அத்தை.”

“அதை அமெரிக்காக்காரன்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? சொசைட்டியில சொல்லு.”