சைலன்சர் ஸ்டட் உடைஞ்சா உடனே ஹெட்ட மாத்தத் தேவையில்ல

கொழும்பில பழைய பைக்க இழுத்துப் பிடிச்சு ஓடுற ஆக்கள் இப்ப கன பேர். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாப் பிறகு புதுசு எண்ட கதையே இல்லாமப் போச்சு, 2025ல திறந்து விட்டாப் பிறகும் விலையக் கேட்டா வீட்டில நிக்கிறதே காணும் எண்டுதான் வருது. என்னட்ட நிக்கிறது ஹோண்டா சீடி 125, மாமா ஓடினது, ரெட்டைச் சிலிண்டர், எஞ்சின் நல்ல எஞ்சின். பிரச்சினை என்னெண்டா வெள்ளவத்தையில ரெயில் ரோட்டுக்குக் கிட்ட, கடல் காத்து நேரா அடிக்கிற ஒழுங்கையில நிக்கிற பைக் அது. அந்த உப்புக் காத்து முதல்ல போய் இருக்கிறது நட் போல்ட்டிலதான்.

சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கிற ஹெட்டுக்கும் சைலன்சர் பைப்புக்கும் இடையில இருக்கிற கேஸ்கட் போய் புகை அடிக்கத் தொடங்கீட்டுது, திராட்டில விடேக்க பட பட எண்டு வெடி. கேஸ்கட் மாத்திறது ஒரு வேலையே இல்லை, நாலு நட்டக் கழட்டினா பைப் கையில வந்துரும். அந்த நாலு நட்டக் கழட்டிறதுதான் இந்த முழுக் கதையும்.

ஸ்டட் எண்டது ஹெட்டுக்குள்ள பூட்டி நிக்கிற தலையில்லாத போல்ட், அதிலதான் நட் ஏறும். அது இரும்பு, ஹெட் அலுமினியம். ரெண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கேக்க இடையில உப்புத் தண்ணி போனா அலுமினியம் அரிக்கத் தொடங்கும், அந்த வெள்ளைத் தூள் புரிக்குள்ள இறுகி அடைச்சுக்கொள்ளும். அதுக்கு மேல எஞ்சின் சூடு வேற, ஒவ்வொரு நாளும் சூடாகி ஆறி சூடாகி ஆறி. அதால சைலன்சர் ஸ்டட்ட மற்ற போல்ட் மாதிரி நினைச்சு ஸ்பானரப் போட்டு ஒரே இழுவையா இழுத்தா 6 மில்லி ஸ்டட் நிண்டு பிடிக்காது, முறியும்.

நான் முதல் வேலையா கம்பி பிரஷ் போட்டு வெளிய தெரியிற புரியத் துப்புரவாக்கினன், கறள் இருந்தா நட் அதுக்கு மேலால வர ஏலாது பாருங்கோ. பேந்து எண்ணெய். எல்லாரும் டபிள்யூடி-40 அடிக்கச் சொல்லுவினம், அது தண்ணிய விலத்திறதுக்கெண்டு செஞ்ச சாமான், கறள் பிடிச்சதுக்குள்ள இறங்கிறதுக்கு அதவிட பெனட்ரேட்டிங் ஒயில் எண்டு கேட்டு வாங்கிறது நல்லம். ஒட்டோ கியர் ஒயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து அடிக்கிற ஆக்களும் இருக்கினம், நல்லா வேலை செய்யும், ஆனா அத அடிச்சிட்டு நெருப்புக்குக் கிட்டக் கூடப் போகாதேங்கோ. எதை அடிச்சாலும் உடன கழட்டப் போகாம இரவு முழுக்க விடுங்கோ, காலமை திருப்ப அடிச்சு, சுத்தியலால நட்டின்ர தலையில லேசா டக் டக் எண்டு தட்டி விடுங்கோ, அந்த அதிர்வில எண்ணெய் உள்ளுக்க இறங்கும்.

ஸ்பானர் விசயத்தில ஒண்டு. பன்னிரண்டு மூலை சொக்கட் வேண்டாம், ஆறு மூலை சொக்கட் போடுங்கோ, கறளில தேஞ்ச நட்டில பன்னிரண்டு மூலை வழுக்கி மூலைய உருட்டிப் போட்டிரும். முதல்ல இறுக்கிற பக்கம் ஒரு சொட்டுத் திருப்பி, அது அசைஞ்சா பிறகு கழட்டிற பக்கம், கொஞ்சம் வந்து இறுகினா திருப்பி உள்ளுக்க, எண்ணெய், திருப்ப வெளிய. சலிப்பான வேலைதான். இப்பிடித்தான் ரெண்டு நட் சுகமா வந்தது. மூண்டாவது, முந்தி ஆரோ ஒரு மெக்கானிக் பாஸ், அளவு பிழையான ஸ்பானரால உருட்டி விட்ட நட், அத ஹக்ஸோ பிளேட்டால ஒரு பக்கம் அறுத்து உளியால பிளந்து எடுத்தன், நட் தானே, போனாப் போகட்டும், ஸ்டட் தப்பினாச் சரி.

நாலாவது முறிஞ்சது. முறியிறதுக்கு முதல் கைக்கே தெரியும், கழண்டு வாற நட் கிறீச் எண்டு சத்தம் போட்டுக்கொண்டு வரும், முறியப் போற ஸ்டட் சத்தமில்லாம ரப்பர் மாதிரி இழுபடும். அந்த மெத்து விளங்கின இடத்தில நிப்பாட்டி சூடு காட்டோணும். ஆனா இது தெரிஞ்ச அதே செக்கனில போயிட்டுது, உள்ளுக்க அவ்வளவு அரிச்சிருந்திருக்கு. ஹெட்டுக்கு வெளிய ரெண்டு புரி அளவு துண்டு மிச்சம்.

பக்கத்துக் கராஜில காட்ட, ஹெட்டயே மாத்துங்கோ, பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில ரீகண்டிசன் ஹெட் எடுக்கலாம் எண்டு சொல்லிப் போட்டினம். எனக்கு மனம் வரேல்ல. கூட்டாளி ஒருத்தன் ஈசி அவுட் தாறன் எண்டான். அந்தச் சாமான்ர பேர நம்பாதேங்கோ. ஸ்டட்டுக்குள்ள ஓட்டை போட்டு அத இறுக்கித் திருப்பிறது, கறளில இறுகி முறிஞ்ச ஸ்டட் அதுக்கும் வராது, ஈசி அவுட் சரியான கெட்டி இரும்பு, வளையாது, டக்கெண்டு உள்ளுக்கயே முறியும். முறிஞ்சா சாதாரண டிரில் பிட் அதில இறங்கவே இறங்காது. பிறகுதான் உண்மையா ஹெட் மாத்திற நிலைமை வரும்.

கடைசியா தெமட்டகொடைப் பக்கம் மிக் வெல்டிங் வச்சிருக்கிற ஒரு சிங்கள பாஸிட்ட தள்ளிக்கொண்டு போனன். வெல்டிங்குக்கு முதல் டாங்க், காபரேட்டர் எல்லாம் கழட்டி அங்கால வச்சு, பற்றரி வயரையும் கழட்டச் சொன்னார், வெல்டிங் கரண்ட் போய் எலக்ட்ரிக் சாமான அடிச்சிரும் எண்டு. ஏர்த் கிளிப்ப ஹெட்டுக்குக் கிட்டவே போட்டார். மிச்சமா நிண்ட துண்டுக்கு மேல ஒரு 8 மில்லி நட்ட வச்சு, நடு ஓட்டைக்குள்ளால வெல்ட் நிரப்பினார். இரும்பு வெல்ட் அலுமினியத்தில பிடிக்காது, ஸ்டட்டில மட்டும்தான் பிடிக்கும், அதுதான் இதில உள்ள வசதி. நான் உடன ஸ்பானரக் கொண்டுபோக, "மல்லி, பொட்டக் இன்ட", தம்பி கொஞ்சம் பொறு எண்டு கையத் தள்ளி விட்டார். சிவப்பு மாறினாப் பிறகு மெழுகுதிரியொண்ட எடுத்து ஸ்டட் அடியில வச்சார், மெழுகு உருகி உள்ளுக்க இழுபட்டுது. ஒருக்கா வெல்ட் விட்டுட்டுது, திருப்பப் போட்டார், அதுக்குப் பிறகு முன்ன பின்ன ஆட்ட ஆட்ட முழு ஸ்டட்டும் வெள்ளைத் தூளோட வெளிய வந்தது. சொன்னா நம்பமாட்டியள், பெரிசா பெலமே குடுக்கேல்ல அந்த மனுசன்.

ஏன் வருது எண்டா, சூட்டில ஸ்டட் விரியப் பாக்கும், சுத்தியிருக்கிற ஹெட் விடாது, உள்ளுக்க இருக்கிற அடைப்பு நசியும், ஆறேக்க ஸ்டட் சுருங்கி இடைவெளி வந்துரும். புளோ டோர்ச் வச்சிருக்கிறவை ஸ்டட்ட விட்டிட்டு சுத்தியிருக்கிற அலுமினியத்துக்குச் சூடு காட்டுங்கோ, இரும்பவிட அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், ஓட்டை பெருக்கும். கவனம், அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, 660 பாகையில பேசாம உருகி விழும். கலப்பு அலுமினியம் எண்டா அதுக்கு முதலே.

ஸ்டட் ஹெட்டோட மட்டமா முறிஞ்சா பெரும்பாலும் டிரில்தான் வழி. சென்டர் பஞ்ச் சரியா நடுவில விழோணும், இல்லாட்டி பிட் இரும்ப விட்டிட்டு மென்மையான அலுமினியத்துக்க ஓடிரும். சின்ன பிட்டில தொடங்கி 5 மில்லி வரைக்கும் போய், மிச்சப் புரியக் கிளறி எடுத்து புரி வெட்டிற 6 மில்லி டெப் விடலாம், கோணினா ஹெலிகொயில் எண்ட கம்பிச் சுருள் புரி போடலாம். கையில டிரில் பிடிச்சுப் பழக்கமில்லாட்டி ஹெட்டக் கழட்டிக்கொண்டு லேத்துக்குப் போங்கோ.

திருப்பிப் பூட்டேக்க நாலும் புது ஸ்டட், புரியில கொப்பர் கிரீஸ், நட் எல்லாம் பித்தளை, அது இரும்போட இறுகிப் பிடிக்காது. 6 மில்லிக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு காணும், சின்ன ஸ்பானர்ல மாறி மாறி. பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையளில பித்தளை நட் கேட்டா எடுக்கலாம். பின் சில்லு அக்சில் நட்டையும் கழட்டவேண்டிக் கிடக்கு, அதுக்கு இப்பவே எண்ணெய் அடிச்சு விட்டிருக்கிறன்.