சாமி அன்னன்னைக்குத்தான் படியளந்தது

என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போய் டயாலிசிஸில் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள், அதிலும் புதிதாக இதே நிலைமைக்கு வந்தவர்கள், என்னிடம் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இத்தனை நடந்தும் சாமி கும்பிடறீங்களா?" என்பார்கள். கும்பிடுகிறேன், முன்பைவிட அதிகமாகவே. அது எப்படி என்று ஒரே வரியில் சொல்ல எனக்கு வராது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்கு ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைப் பக்கம். அவர் தறி ஓட்டினார், நான் தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பேன். 2019-இல் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது, நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்கு இது இருக்கிறதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் மூச்சு வாங்கியது, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, பத்தைத் தாண்டி இருந்தது. ரத்த அழுத்தம் பல வருஷமாக உள்ளே வேலை செய்திருக்கிறது, வெளியே ஒரு அறிகுறியும் காட்டவில்லை. இனிமேல் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்றார் டாக்டர்.

கிட்னி திரும்ப வேலை செய்ய வேண்டும் என்றுதான் அன்றைக்கு முருகனிடம் அழுதேன். அது நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சாமி கைவிடவில்லை என்று ஒருத்தி எழுதினால் நோய் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு படிப்பார்கள், கடைசியில் ஏமாந்து போவார்கள்.

ஆரம்பத்தில் கையில் இருந்தது, நகை, தறி முதலாளி கொடுத்த முன்பணம் எல்லாம் வேகமாகக் கரைந்தது. கழுத்தில் குழாய் போட்டுத்தான் முதலில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். அடுத்து இடது கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன், அதாவது ரத்தக்குழாய் இரண்டை ஒன்றாக இணைத்துவிடுவது. அது பெருத்து ஊசி குத்துகிற பக்குவத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, வேறு ஊசி போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. தினமும் விரல் வைத்துப் பார்த்தால் சர்ரென்று ஒரு அதிர்வு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. பாரம் தூக்காமல் தறி வேலை எங்கே செய்வது? அத்தோடு அவர் சம்பாத்தியம் நின்றது.

அடுத்த வாரத்துக்குப் பணம் இல்லை என்று நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான், வார்டு கூட்டுகிற அக்கா வந்து, "ஏனுங் அம்மணி, கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கற காப்பீட்டு அட்டை இருக்குதுங்களா?" என்று கேட்டார். எங்களிடம் இல்லை. அப்படி ஒன்று டயாலிசிஸுக்கும் செல்லும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அப்போது குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், இப்போது 1,20,000 வரை ஆக்கியிருக்கிறார்கள். வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், குடும்பத்தோடு நேரில் போய் போட்டோ. அட்டை வந்தபின் டயாலிசிஸுக்குக் கையிலிருந்து கொடுப்பது நின்றது. அந்த அக்கா அன்றைக்கு அந்தப் பக்கம் கூட்ட வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். அவரை அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாப்பாடும் ஒரு பெரிய பாடம். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, காயை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், எல்லாம் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறாமல் இருக்கத்தான். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. பழனியில் இருந்து யாராவது பஞ்சாமிர்தம் கொண்டுவந்தால், அதில் வாழைப்பழம்தானே முக்கியம், கண்ணில் ஒற்றிக்கொண்டு மகளிடம் கொடுத்துவிடுவார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தறி எல்லாம் நின்றது, பஸ் நின்றது, டயாலிசிஸ் மட்டும் நிற்க முடியாது. ரெண்டு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. ஈரோடு வரைக்கும் கார் பிடிக்கக் காசு ஏது? பால் வண்டிக்குத் தடை இல்லை என்பதால், பக்கத்து ஊரில் பால் எடுத்துக்கொண்டு ஈரோடு போகிற வண்டிக்காரத் தம்பி தானாகவே வந்து, "அண்ணனை நான் கூட்டிட்டுப் போறனுங்க அக்கா" என்றார். விடிவதற்கு முன்னால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து போவோம். திரும்பி வருவது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம், ஒரு நாள் மருந்துக்கடைச் சரக்கு வண்டி, ஒரு நாள் யாரோ ஒருவரின் பைக், செக்போஸ்டில் ஆஸ்பத்திரி ஃபைலைக் காட்டிக் காட்டி வீடு வந்து சேருவோம். அந்தத் தம்பி ஒரு பைசா வாங்கவில்லை. எல்லாம் முடிந்தபின் என் அத்தை, அதாவது மாமியார், அந்தத் தம்பியின் குழந்தைக்கு ஒரு சென்னிமலைப் போர்வை கொடுத்தார், அதை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த ஏப்ரலில் ரேஷனில் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தது. அடுத்த மாதத்துக்கு என்ன என்று எப்போதும் தெரியாது, அன்றைக்கு வேண்டியது அன்றைக்கு வந்துவிடும். "படியளக்கறவன் ஒரு வருசத்துக்கா கண்ணு மொத்தமா அளப்பான்?" என்பார் அத்தை.

என் மனசை ரொம்பப் புரட்டிப்போட்டது அதற்கு அப்புறம் நடந்ததுதான். மாற்று கிட்னி வைத்தால் டயாலிசிஸில் இருந்து விடுபடலாம், மனைவி கொடுக்கலாம் என்றார்கள். ரத்த வகை பொருந்தியது. அவர் ஒரே பிள்ளை, அத்தைக்கு எழுபது வயது, ஆகவே நான்தான். என் அம்மா பயந்தார், நான் கொடுத்தே தீருவது என்று இருந்தேன், கடைசியில் குலசாமி கோயிலில் பூ கேட்டுவிடலாம் என்று முடிவானது. வெள்ளை அரளியும் செவ்வரளியும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னோம். எங்கள் குலசாமிக்கு வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளைதான் வந்தது. எல்லோரும் அழுதோம்.

அந்தத் தைரியத்தில் பரிசோதனைக்குப் போனேன். எனக்குச் சர்க்கரை இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையில் 6.5 வந்தாலே சர்க்கரை நோய் என்கிறார்கள், எனக்கு எட்டுக்கு மேல். நீங்கள் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, அப்படியென்றால் அந்தப் பூ? பல ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நோய் வந்ததைக்கூடத் தாங்கினேன், சாமியே சரி என்று சொன்னபின் கதவு சாத்தியதைத் தாங்க முடியவில்லை. அத்தையிடம் கோபமாகவே கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். "போகச் சொல்லித்தான் கண்ணு பூ வந்துது, குடுக்கச் சொல்லியா வந்துது? நீ போகாம இருந்திருந்தா உன்ற சக்கரை எப்பத் தெரிஞ்சிருக்கும்? அவனாட்டமே நீயும் படுத்துட்டா என்ற பேத்திக்கு ஆரு?"

கிட்னி கெட்டுப்போவதற்குச் சர்க்கரைதான் முதல் காரணம் என்று அதே வார்டில் எழுதி ஒட்டியிருப்பதை அத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். இப்போது மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று என் சர்க்கரை அடங்கி இருக்கிறது, கிட்னி நன்றாக இருக்கிறது. காங்கேயம் பக்கத்தில் நம் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, யாரோ ஒரு பக்தர் கனவில் வந்து இந்தப் பொருளை வை என்று சொல்லி, பூ கேட்டு உறுதி செய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். எதற்காக என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, ஊர் ஆளுக்கொன்று சொல்லும். வைக்கச் சொன்னால் வைக்கிறோம், அவ்வளவுதான். என் பூவையும் நான் இப்போது அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, இறந்தவர் தானமாகத் தருகிற கிட்னிக்கு ஆஸ்பத்திரி மூலம் தமிழ்நாடு உடல் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்தோம். ரத்த வகை, பதிவு வரிசை எல்லாம் பார்த்துத்தான் வரும், காத்திருக்க வேண்டும். இதில் எனக்கு வேறொரு கஷ்டம் வந்தது. மலைக்குப் போய் முருகன் முன்னால் நின்றால் வாய் வரவில்லை. சீக்கிரம் கிட்னி கிடைக்க வேண்டும் என்று வேண்டினால், ஒரு வீட்டில் ஒரு உயிர் போக வேண்டும் என்று வேண்டியது போல ஆகாதா? ஒன்றும் கேட்காமலே படியிறங்கிய நாட்கள் உண்டு. 2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்தார்கள், அப்புறம் செய்தியில் அப்படி ஒரு வீட்டுத் தாயைப் பார்த்தேன். அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்றையிலிருந்து என் வேண்டுதல் மாறிவிட்டது. யாருக்கு எந்த நேரம் வரப்போகிறதோ அது சாமி கையில், அப்படி ஒரு நேரம் ஒரு குடும்பத்துக்கு வந்தால் அவர்களுக்குத் தாங்குகிற சக்தியைக் கொடு, எங்களுக்கு வருகிறதோ வேறு யாருக்குப் போகிறதோ, அவர்கள் வீடு நன்றாக இருக்க வேண்டும். இதை மனசார வேண்ட முடிகிறது.

அவர் இப்போது டயாலிசிஸ் இல்லாத நாட்களில் குடோனில் கணக்கு எழுதப் போகிறார். காத்திருப்போர் வரிசையில் எங்கள் பேர் இருக்கிறது. மகள் பத்தாவது படிக்கிறாள். இதில் புதிதாக வந்தவர்கள் யாராவது இருந்தால் முதல் வாரமே காப்பீட்டு அட்டை வேலையைத் தொடங்கிவிடுங்கள், வீட்டில் இருக்கிற மற்றவர்களும் ஒரு முறை சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். ரேஷன் கார்டில் பேர் திருத்தம் ஏதாவது இருந்தால் அதை முன்கூட்டியே முடித்து வையுங்கள், அதில்தான் நாள் ரொம்பப் போகிறது.