பெர்மாகல்ச்சர் வகுப்புக்குப் போகும் முன்: படுக்கையும் பையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உள்ளே, ஹோவிக் ஊரைத் தாண்டிய மிட்லண்ட்ஸ் மேட்டுநிலச் சரிவில் உள்ள ஒரு பண்ணையில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் 2 வாரம் தங்கிப் பெர்மாகல்ச்சர் (இயற்கையின் ஒழுங்கைப் பின்பற்றி நிலத்தை வடிவமைக்கும் முறை) வடிவமைப்புச் சான்றிதழ் வகுப்பை முடித்தேன். 72 மணி நேரம் கொண்ட அந்தப் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வு கிடையாது. கடைசி நாளில் ஒவ்வொரு குழுவும் ஒரு நிலத்துக்கான வடிவமைப்பை வரைந்து அனைவர் முன்னிலையிலும் விளக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் போக நினைக்கும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் பாடத்தைப் பற்றியே கேட்கிறார்கள். இரவில் தூங்க முடியாவிட்டால் பகலில் எந்தப் பாடமும் மனத்தில் ஏறாது என்பதால், நான் படுக்கையிலிருந்து தொடங்குகிறேன்.

கட்டணம் குறைவு என்பதற்காகச் சொந்தக் கூடாரத்தில் தங்குவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஓடைக்கு அருகே தரை சமமாக இருந்தது, தண்ணீரும் பக்கத்தில் கிடைத்தது. அங்கேயே கூடாரம் அடித்தேன். மறுநாள் விடியலில் கூடாரத்தின் உட்புறம் முழுவதும் நீர் கோத்திருந்தது, வெளியே புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது, தலைமாட்டில் வைத்திருந்த குறிப்பேட்டில் மை பரவி முதல் நாள் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகியிருந்தன. நான்காம் நாள் நுண்தட்பவெப்பப் பாடம், அதாவது ஒரு சிறு இடத்துக்கே உரிய குளிர், வெயில், காற்றைப் பற்றிய பாடம் வந்தபோதுதான் காரணம் விளங்கியது: குளிர்ந்த காற்று கனமானது, இரவில் அது சரிவில் நீரைப்போல் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது, உறைபனியும் அங்கேதான் முதலில் விழுகிறது. அன்று மாலையே கூடாரத்தைச் சரிவின் நடுப்பகுதிக்கு, தென்கோளத்தில் வெயில் விழும் வடக்கு நோக்கிய இடத்துக்கு மாற்றினேன். பெர்மாகல்ச்சர் 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோல்ம்கிரெனும் உருவாக்கிய முறைதான் என்றாலும், நம் கைக்கு வரும் தோட்டக் கையேடுகள் பல வடகோளத்தில் எழுதப்பட்டவை. அவை தெற்குப் பக்கம் வெயில் என்று சொல்லும் இடத்தில் நாம் வடக்கு என்று படிக்க வேண்டும்.

ஆகவே பதிவு செய்யும் முன் பண்ணையிடம் தெளிவாகக் கேளுங்கள்: தங்குமிடம் பொது அறையா, ரொண்டாவல் என்னும் வட்டக் குடிசையா, கூடாரமா, மெத்தையும் போர்வையும் அவர்கள் தருவார்களா, குளிக்க வெந்நீர் எந்த நேரத்தில் கிடைக்கும். கூடாரம்தான் என்றால், தூக்கப்பையில் எழுதியிருக்கும் இரண்டு அளவுகளில் தாங்கும் எல்லையைப் பார்க்காமல், வசதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே உள்ளதையே வாங்குங்கள். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் பாய். நம் உடல் எடையில் தூக்கப்பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால், தரையின் குளிரைத் தடுப்பது அந்தப் பாய் மட்டுமே. என் ஆயா வற்புறுத்திக் கொடுத்தனுப்பிய கம்பளியும் வெந்நீர்ப் பையும் என்னைப் பல இரவுகள் காப்பாற்றின.

மின்சாரம் பெரும்பாலும் சூரியத் தகடுகளிலிருந்து வருவதால் முடி உலர்த்தியையும் கெட்டிலையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு பவர் பேங்கும் தலையில் மாட்டும் விளக்கும் போதும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் மரத்தூள் போடும் வழக்கம் இரண்டே நாளில் பழகிவிடும். குளித்த நீர் வாழைக்கும் கீரைக்கும் போகும் பண்ணைகளில், உப்பும் போரானும் சேராத, மட்கக்கூடிய சோப்பைக் கொண்டுபோவது மண்ணுக்குச் செய்யும் மரியாதை.

உண்ணிகளைப் பற்றி மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்குங்கள். இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கும், சில நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், பண்ணையில் தங்கியிருந்ததைச் சொல்லி உடனே மருத்துவரைப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து இருக்கிறது.

படிப்புக்கென்று எடுத்துச் செல்ல வேண்டியவை மிகச் சில: பேனாவுக்குப் பதில் பென்சில், வண்ணப் பென்சில்கள், ஊடுருவித் தெரியும் வரைதாள், அளவு நாடா, இவற்றை ஈரத்திலிருந்து காக்க இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூன்று கழிகளை ‘ஏ’ வடிவில் கட்டி, நடுவில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சரிவில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு பிடிக்கும் பயிற்சியில், ஒவ்வோர் அடியையும் உடனுக்குடன் குறித்துக்கொண்டவர்களால்தான் கடைசி வரைபடத்தில், மழைநீரைத் தேக்க அந்தக் கோட்டின் வழியே வெட்டும் நீர்ப்பள்ளங்களைச் சரியான இடத்தில் காட்ட முடிந்தது. எங்கள் குழு வரைந்த நிலத்தில் வேலையாட்களின் தங்கும் அறையை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, மற்றவர்கள் ஓடையோரத்தைக் காட்டினார்கள். நான் அந்த முதல் விடியலை அவர்களுக்குச் சொன்னேன். அறை சரிவின் நடுவே, வடக்குப் பார்த்து ஏறியது.