முதலில் அளவு நாடா: கோடை விடுமுறைக்கு தீம் பார்க் தேர்ந்தெடுக்கும் நாட்குறிப்பு

6 ஏப்ரல் 2026, திங்கள்

எந்தப் பூங்கா என்ற பேச்சை எடுப்பதற்கு முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளக்க வேண்டும். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டியிருக்க, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சமமாக வைத்து அதன் அடியில் பென்சில் கோடு. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நாள் முழுக்க நின்று நடந்ததில் முதுகெலும்பின் தட்டுகள் அமுங்கி, மாலைக்குள் சுமார் ஒரு செ.மீ. குறைந்துவிடும். பூங்காவில் அந்த ஒரு செ.மீ. பெரிய விஷயம்.

வயதைச் சொல்லி வாதாடிப் பயனில்லை. வொண்டர்லா பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டாம். 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். ஆனால் இது பணத்துக்கான அளவு. ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் இருக்கும் அளவுகோல் வேறு. அது உடம்புக்கானது. மடிமேல் இறங்கும் கம்பியும் தோளை அழுத்தும் பூட்டும் ஒரு குறிப்பிட்ட உடலளவுக்குச் செய்தவை. குட்டைப் பிள்ளையின் இடுப்புக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழும். வண்டி தலைகீழாகும்போது அந்த இடைவெளி வழியாகத்தான் உடல் நழுவும். “மடியில் வைத்துக்கொள்கிறேன்” என்று ஊழியரிடம் கெஞ்சுவது தவறு. அவர் மறுத்தால் நன்றி சொல்லுங்கள்.

8 ஏப்ரல், புதன்

எடுத்துக்காட்டுக்கு ஆறு பேர் கொண்ட ஒரு வீடு: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, 138 செ.மீ. உயர அக்கா, 102 செ.மீ. உயரத் தம்பி. ஒவ்வொரு பூங்காவின் இணையதளத்திலும் விளையாட்டுகளுக்கான குறைந்தபட்ச உயரம் இருக்கும். கோடு போட்ட தாளில் ஆறு பேருக்கு ஆறு பத்தி போட்டு, ஏறக்கூடியதற்கு எதிரே புள்ளி வைக்க வேண்டும். இதய நோய், முதுகு வலி, முட்டி அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் வேகமான எதற்கும் புள்ளி இல்லை.

“60 ரைடு” என்ற விளம்பர எண்ணை மறந்துவிடலாம். தம்பியின் பத்தியில் எத்தனை புள்ளி, அவனோடு இன்னொருவரும் சேர்ந்து ஏறக்கூடியவை எத்தனை, இந்த இரண்டும்தான் எண்ணிக்கை. பெரியவரை ஏற்றாத குட்டி ராட்டினங்கள் நிறைய. அங்கே அம்மா வெயிலில் வேலி ஓரம்தான். இருவரும் சேர்ந்து ஏறுபவை எட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பூங்கா இந்த வருடம் இவர்களுக்கு இல்லை. மூன்று வருடம் கழித்துப் போகலாம்.

ரைடில் ஏறாத தாத்தாவுக்கும் பல இடங்களில் முழு டிக்கெட் உண்டு. மூத்த குடிமக்கள் சலுகை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

11 ஏப்ரல், சனி

சென்னைவாசிகளுக்கு இப்போது தெரிவு கூடியிருக்கிறது. திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. அங்குள்ள தஞ்சோரா, தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்க உட்கார்ந்து போகும் வகை ரோலர் கோஸ்டர். இந்த வகைக்கு 130 முதல் 140 செ.மீ. வரை கேட்பது உலகெங்கும் வழக்கம். 138 செ.மீ. அக்காவுக்கு அதை வாக்குறுதியாகக் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். அன்றைய விதியைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். இந்தத் தெரிவின் பெரிய லாபம், இரவு வீட்டுக்கு வந்து படுக்கலாம். பாட்டிக்கு மூட்டு வலி இருக்கும் வீட்டில் வேறு எந்த வாதமும் இதற்கு நிற்காது.

வொண்டர்லாவின் பெங்களூரு பூங்கா மைசூரு சாலையில் பிடதி அருகே, 2005 முதல் நடக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 28 கி.மீ. நம்மவர்கள் செய்யும் தவறு: வெள்ளி இரவு ரயில் ஏறி, சனி காலை இறங்கி, தூங்காத பிள்ளைகளோடு நேராகப் பூங்காவுக்குப் போவது. மூன்று மணிக்குள் சின்னது அழ ஆரம்பித்துவிடும். ஒரு இரவு அங்கே தங்கிப் போங்கள். காலையில் பிடதி தட்டு இட்லி சாப்பிட்டுப் போகலாம். சுழலும் ரைடுகளுக்கு முன் எண்ணெயில்லாத இட்லி வயிற்றைக் கெடுக்காது.

வொண்டர்லாவின் கொச்சி பூங்கா 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. மதுரை, நெல்லைக்காரர்கள் மூணாறோடு சேர்த்துத் திட்டமிடலாம்.

மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் நீலகிரி அடிவாரத்தில், முதன்மையாகத் தண்ணீர் பூங்கா. ஊட்டி போகிறவர்கள் ஒரு பகலை இங்கே கழிக்கலாம். சுற்றுலா வண்டியில் மலையேற இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். அடிவாரம் கோவை மாவட்டம் என்பதால் பூங்காவுக்கு மட்டும் வருபவருக்கு அது தேவையில்லை. மலை ரயிலையும் பூங்காவையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். காலை 7.10-க்குக் கிளம்பும் ரயில் 46 கி.மீ. ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும்.

15 ஏப்ரல், புதன்

நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்க்கக் கூடாது. பூங்கா இருக்கும் மாநிலத்தின் விடுமுறையைப் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே இரண்டும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் விடுமுறை. காலாண்டு விடுமுறையில் பெங்களூரு போகும்போது தசராவும் அதே நாட்களில் விழுந்தால், மைசூரு தசராக் கூட்டம் அதே சாலையில் நிற்கும். செவ்வாய், புதன், வியாழன் நல்லது.

வானமும் உண்டு. பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை சகஜம். மின்னல் தெரிந்தால் குளங்களும் உயரமான ரைடுகளும் நிற்கும், அதற்காகப் பணம் திரும்ப வருவது அரிது. சென்னைப் பக்கம் மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கும். சிமென்ட் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. ரப்பர் செருப்பு கட்டாயம்.

19 ஏப்ரல், ஞாயிறு

வரிசைக் கணக்கு. ஒரு சுற்றில் 20 பேர், ஏற்றி ஓட்டி இறக்க 4 நிமிடம் என்றால் மணிக்கு 15 சுற்று, 300 பேர். முன்னால் 150 தலை இருந்தால் அரை மணி நேரம். கைக்கடிகாரத்தில் ஒரு சுற்றை அளந்துவிட்டு நிற்பதா நகர்வதா என்று முடிவெடுங்கள். காலி இருக்கையோடு வண்டி கிளம்பினால் கணக்கில் கால் பங்கைக் கூட்டிக்கொள்ளவும்.

விரைவு வரிசை டிக்கெட்டை ஆறு பேருக்கும் வாங்குவது வீண். பெரிய ரைடு ஏறும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும், அதுவும் வார இறுதியில் மட்டும்.

22 ஏப்ரல், புதன்

தண்ணீர் பக்கத்துக்கு உடை. பருத்தி கூடாது: நீரை உறிஞ்சிக் கனக்கும், சறுக்கில் உடம்பைப் பிடித்து நிறுத்தும், அதன் நூல் வடிகட்டியை அடைக்கும். நைலான், பாலியெஸ்டர் நீச்சல் உடை வேண்டும். முழுக்கை, முழுக்கால் வகையும் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே வாங்கினால் விலை கூடும். உலோக ஜிப், கொக்கி இருந்தால் சறுக்கைக் கீறும் என்று திருப்பி அனுப்புவார்கள். துப்பட்டா, கொலுசு, தொங்கும் சங்கிலி எல்லாம் லாக்கருக்கு. மூக்குக் கண்ணாடிக்குப் பின்கட்டு வார்.

சறுக்கில் மல்லாந்து படுத்து, கணுக்காலைக் குறுக்கிட்டு, கையை மார்பில் கட்ட வேண்டும். நிமிர்ந்தால் வளைவில் உடல் புரளும். முன்னால் போனவர் கீழ்க்குளத்தை விட்டு வெளியேறும் வரை அடுத்தவர் கிளம்பக் கூடாது. பல் உடைவதும் நெற்றி பிளப்பதும் இந்த இடத்தில்தான்.

அலைக்குளத்தில் தம்பிக்கு முழங்கால் ஆழம் போதும். கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நம்பாதீர்கள், அது கழன்றுவிடும். உடம்பில் கட்டும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். அப்போதும் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், கைபேசி இல்லாமல்.

குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் சுத்தமான குளம் என்று நினைக்கிறோம். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடி, கண் எரிச்சலும் அதனால்தான். இறங்குவதற்கு முன் ஷவரில் நின்று குளிக்கச் சொல்வது இதற்காகவே.

27 ஏப்ரல், திங்கள்

போகிற நாளில் எதற்குப் பின் எது. தண்ணீர் விளையாட்டுகள் பொதுவாக உலர் ரைடுகளுக்குப் பின் திறந்து, பூங்கா மூடுவதற்கு முன்பே முடிந்துவிடும். கதவு திறந்ததும் எல்லாரும் வாசலுக்குப் பக்கத்து ரைடில் குவிவார்கள். நீங்கள் கடைக்கோடிக்குப் போய்ப் பின்னோக்கி வாருங்கள். சாப்பாடு 12 மணிக்கு முன். வெளி உணவுக்கு அனுமதி இருக்காது. கைக்குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் வாசலில் கேட்டுக்கொள்ளலாம். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் சுழலும் எதுவும் வேண்டாம். காது சொல்லும் அசைவும் கண் காணும் காட்சியும் பொருந்தாததால்தான் குமட்டல். தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்க்கச் சொன்னால் குறையும்.

அளவுகோலுக்கு மயிரிழையில் தேறும் அக்காவை, அவள் ஆசைப்படும் ரைடுக்குக் காலையிலேயே முதலாவதாக அழைத்துப் போங்கள். பிற்பகல் நான்கு மணிக்குப் போய் நின்றால், அதே பிள்ளை அரை செ.மீ. குறைந்து நிற்பாள்.