மாங்காய்ப் பால் வடுவோடு ஒரு கோடை

அக்காவின் பிள்ளைகள் இருவரும் ஏப்ரல் மூன்றாம் வாரம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கத்திலுள்ள எங்கள் தோப்பு வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. இந்த முறை அவர்களுடைய விடுமுறையை ஒழுங்காகப் படமெடுத்து, அச்சிட்டு, ஆல்பத்தில் ஒட்டி அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். முந்தைய கோடைகளின் படங்கள் எல்லாம் ஒரு பழைய செல்பேசியோடு போய்விட்டன. சின்னவன் முதன்முதலாக மாமரக் கிளையில் உட்கார்ந்த நாளுக்கு இன்று எங்களிடம் ஒரு சாட்சியும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

கையிலிருந்தது பழையதாக வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று; துளை அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுவது.

முதல் வாரம் எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 23, 24 வாக்கில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்டு வைத்த கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. அந்த வாரம் பார்த்துத்தான் நான் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளைக் களத்து மேட்டில் நிறுத்தியிருக்கிறேன். நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளையாக எரிந்துபோய், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள். போதாக்குறைக்குக் கண் கூசி இருவரும் முகத்தைச் சுளித்திருந்தார்கள்.

மாமரத்தடிக்குப் போனால் வேறு தொல்லை. இலைகளின் இடுக்கில் விழும் வெயில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெறித்தது; அடர்ந்த நிழலுக்குள் போனால் கன்னத்தில் பச்சை ஏறியது. நான்கைந்து நாள் இப்படி அலைந்த பிறகு, வீட்டுத் திண்ணை கைகொடுத்தது. தலைக்கு மேல் ஓடு. எதிரே வெயிலில் வெளுத்துக் கிடக்கும் களம். அந்தத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து மேலாக வந்து கண்ணுக்கடியிலுள்ள நிழலைத் துடைத்துவிடுகிறது. திண்ணை ஓரத்தில் வெளியே பார்த்தபடி பிள்ளை உட்கார்ந்தால், கருவிழிக்குள் களமே ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரியும். திண்ணை இல்லாத இடத்தில் நிழலின் விளிம்பில் நிறுத்திவிட்டு, அப்பாவின் வெள்ளை வேட்டியை நான்காக மடித்து அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நான்கடி தூரத்தில் பிடித்தால் போதும், முகம் தெளிந்துவிடுகிறது. மற்றபடி வெளியே எடுப்பதெல்லாம் காலை ஆறேகாலிலிருந்து எட்டுக்குள், மாலை நாலரைக்கு மேல்.

சின்னவன் முகத்தில் வடு விழுந்தது மே முதல் வாரத்தில்தான். கிளிமூக்கு மாங்காய்க்கு எங்கள் பக்கத்தில் பெங்களூரா என்றும் பெயர். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்ன அதைப்போல் இன்னொன்று கிடையாது. பறித்தவுடன் காம்பிலிருந்து பீறிடும் பால் தோலில் பட்டால் பொசுக்கிவிடும். அதனால்தான் பறிப்பவர்கள் காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடிந்த பிறகே கூடையில் அடுக்குவார்கள். சின்னவனுக்கு அந்தப் பொறுமை ஏது? பறித்த கையோடு கடித்துவிட்டான். மறுநாள் காலையில் வாயின் வலது ஓரத்திலிருந்து தாடை வரை ஒழுகிய தடம் அப்படியே கறுத்துப்போயிருந்தது. மேலே பட்டையாக, கீழே போகப் போக மெலிந்து, நுனியில் ஒரு சொட்டு நின்ற இடத்தில் மிளகளவு வட்டமாக. ஆயா (பாட்டி) தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். இரண்டு நாளில் எரிச்சல் போய்விட்டது, வடு மட்டும் நின்றது.

வடு ஆறும் வரை அவனைப் படமெடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். இடையில் எடுத்த இரண்டு படங்களில் கணினியில் அதை அழித்தும் பார்த்தேன். சுத்தமாக அழிந்தது. ஆனால் அந்த முகம் எந்த ஊர்ப் பிள்ளையின் முகமாகவும் இருக்கலாம் போலிருந்தது. அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எனக்கும் ஒவ்வொரு மே மாதமும் இதே இடத்தில் இருக்கும். உனக்கு நினைவில்லையா?" என்றாள். உடனே பழையபடி மாற்றி வைத்தேன். அன்றிலிருந்து பிள்ளைகளின் மேலுள்ள எதையும் அழிப்பதில்லை: வேர்க்குரு, பெரியவளின் முழங்கால் சிராய்ப்பு, விழுந்த பல்லின் ஓட்டை, எதையும்.

நிறத்துக்கும் இதே விதியை வைத்துக்கொண்டேன். என் செல்பேசியில் முகத்தை வழவழப்பாக்கி வெளுக்கும் ஒரு வசதி நான் கேட்காமலே இயங்கிக்கொண்டிருந்தது. தேடிப் பிடித்து நிறுத்தினேன். கேமராவும் தன் பங்குக்கு ஏமாற்றும். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் அதன் ஒளிமானி முயலும். வெயிலில் மின்னும் களத்தின் முன்னே பிள்ளை நின்றால் முகம் இருண்டுவிடும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு படி (இருமடங்கு) கூட்ட வேண்டும். மாநிறத்துக்குச் சற்று மேற்பட்ட கறுப்பு முகம் படம் முழுவதையும் நிறைத்தால் அதே கேமரா வெளுத்துக் காட்டும். அங்கே முக்கால் படி குறைக்க வேண்டும். குறைத்து எடுத்த பிறகுதான் சின்னவனின் கன்னத்தில் வியர்வை மின்னும் இடமும் மின்னாத இடமும் தனித்தனியாகத் தெரிந்தன.

ஒகேனக்கல் போன நாளில் இருநூறுக்கு மேல் எடுத்து மூன்றை வைத்துக்கொண்டேன். அருவியின் சாரல் நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸில் படிந்துவிடுகிறது. நல்ல தண்ணீர்ப் படங்கள் எங்கள் பம்பு செட்டுத் தொட்டியில்தான் கிடைத்தன. காலை ஏழு மணி, சூரியன் தண்ணீருக்குப் பின்னால், ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்) 200, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 4, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/1600 நொடி. குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பெரியவள் கையால் அடிக்க, ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கிறது. தொட்டியின் விளிம்புக்கும் கீழே என் கண்மட்டத்தை இறக்கிக் குந்தியிருந்தேன்; முட்டி வரை சேறு. குளிக்கும் படங்கள் வீட்டைத் தாண்டக் கூடாது என்று அக்காவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். சேர்ந்து விளையாட வந்த பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

இன்னும் கைவராதது நுங்கு வண்டி. தோண்டித் தின்ற இரண்டு நுங்குக் கூடுகளை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். 1/1000 வைத்து எடுத்தால் எல்லாம் உறைந்து வண்டி நிற்பதுபோல் இருக்கிறது. அதனால் ஷட்டரை 1/30 க்கு இறக்கி, ஓடும் பிள்ளையோடு சேர்த்துக் கேமராவையும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். சரியாக அமைந்தால் முகம் தெளிவாகவும் பின்னாலுள்ள வேலி கோடுகளாகவும் வரும். ஐந்து மாலைகளில் ஏறக்குறைய அறுபது முறை முயன்றேன். இரண்டு தேறின. இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், படம் எடுத்த பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது என்பது நாற்பதாவது முயற்சியில்தான் உடம்புக்குப் பிடிபட்டது. பிள்ளைகள் அலுக்காமல் ஓடினார்கள்.

மே கடைசியில் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. ஃபிளாஷ் போடவே இல்லை. விடிய விடிய ஆடுபவர்களின் கண்ணில் அதை அடிக்க மனம் வரவில்லை. ஐஎஸ்ஓ 3200, எஃப் 1.8. முதலில் ஷட்டரை 1/250 வைத்தபோது படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழுந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. 1/100 அல்லது 1/50 க்கு இறக்கியதும் பட்டைகள் மறைந்தன. மேடையை நான்கைந்து எடுத்ததோடு சரி. பாயில் ஆயாவின் மடியில் தலை வைத்து, தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே மேடையைப் பார்க்கும் சின்னவனை எடுத்ததுதான் அந்த இரவின் படம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்தபோது எழுந்து உட்கார்ந்தான். அர்ச்சுனன் தவம் செய்யத் தபசு மரம் எனும் உயரமான கம்பத்தில் ஏறுவதற்குள் தூங்கிவிட்டான்.

ஜூன் பிறந்ததும் 42 படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்தேன். முதல் முறை வாங்கி வந்த படங்களில் பிள்ளைகள் இருவரும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தார்கள். கேட்டதற்கு, எல்லோரும் அப்படித்தான் விரும்புகிறார்கள் என்றார் கடைக்காரர். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னேன், கோப்பில் உள்ளது உள்ளபடி போட்டுக் கொடுங்கள், நிறத்தைத் தொடாதீர்கள் என்று. மறுபடியும் காசு கொடுத்துத்தான் போட்டேன். இந்த முறை சரியாக வந்தது.

அதற்குள் சின்னவன் முகத்தில் வடு இருந்த இடமே தெரியவில்லை. திண்ணையில் ஆல்பத்தை விரித்தபோது ஆயாதான் முதலில் வாங்கினாள். அவன் முகம் பெரிதாக உள்ள பக்கம் வந்ததும் கட்டைவிரலை வைத்து அந்தக் கறுத்த தடத்தை மேலிருந்து கீழாகத் தடவினாள். பிறகு அவனைப் பக்கத்தில் இழுத்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, அதே இடத்தைத் தேடிப் பார்த்தாள்.