கட்டி தெரிந்த பிறகும் ஏன் காத்திருந்தோம்: என் ஃபியோகுரோமோசைட்டோமா அனுபவம்

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எப்போ ஆபரேஷன்?" ஃபியோகுரோமோசைட்டோமா என்றால் பிபியை ஏற்றுகிற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டி. இந்த நோயில் ஆபரேஷனுக்கு முன்னால் முடிக்க வேண்டியவை நிறைய. எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது. இதே பெயர் எழுதிய ரிப்போர்ட்டோடு யாராவது அலைந்துகொண்டிருந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது இப்படி. திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி, படபடப்பு, ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்வை. முகம் வெளுத்துவிடும். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். குனிந்து தண்ணீர்க் குடம் தூக்கும்போது வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிபி இறங்கிவிடும். அதனால் ஒற்றைத் தலைவலி என்றார்கள், மனப்பதற்றம் என்றார்கள். தலைவலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதினார்கள். ஒரு கிளினிக்கில் படபடப்புக்குப் புரோப்ரனலால் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட பிறகு வந்த வலி முன்பைவிடக் கொடுமை. இந்தக் கட்டி சுரக்கிற ஹார்மோன், அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில் ஆல்ஃபா வகை வழியாக இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பீட்டா ஏற்பிகள் சில குழாய்களை விரித்துக் கொடுக்கின்றன. புரோப்ரனலால் பீட்டாவை மட்டும் அடைத்துவிடும். பிறகு அந்தச் சுருக்கத்தைக் கேட்பாரில்லை, பிபி இன்னும் ஏறும்.

திருப்பம் வந்தது ஒரு பிபி மிஷினால். வலி வரும்போதே என் கணவர் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். அந்த நேரத்தில் 210/120 காட்டும், அடங்கியதும் 130/80. கோவில்பட்டியில் ஒரு பொது மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்தேதான் வருகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் நேராக எண்டோகிரைனாலஜி, அதாவது ஹார்மோன் நோய்களைப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார். அவர்மேல் எனக்கு இருக்கும் நன்றி கொஞ்சமல்ல.

அங்கே முதலில் ஸ்கேன் எடுக்கவில்லை. அட்ரீனலில் ஒன்றும் செய்யாத சாதுவான கட்டிகளும் நிறையப் பேருக்கு இருக்கும். ஹார்மோன் கூடியிருக்கிறதா என்று தெரியாமல் படத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. சோதனைக்கும் உடனே போக முடியவில்லை. அமிட்ரிப்டிலின் ரிப்போர்ட்டையே பொய்யாக்கிவிடும் என்று அதைக் குறைத்து நிறுத்தி, இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார்கள். பிறகு 24 மணி நேரச் சிறுநீர். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். கேனில் முன்பே ஆசிட் ஊற்றித் தருவார்கள். நேரடியாக அதில் போகக் கூடாது. மக்கில் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். இதை லேபில் யாரும் விளக்கவில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஹார்மோன்கள் உடைந்து வரும் பொருட்களைத்தான் அதில் பார்ப்பார்கள். அவற்றில் நார்மெட்டாநெஃப்ரின் உச்ச வரம்பைப் போல ஏழு மடங்கு இருந்தது. மெட்டாநெஃப்ரின் சரியான அளவில். சிடி ஸ்கேனில் வலது அட்ரீனலில் 4 சென்டிமீட்டர் கட்டி.

இங்கேதான் வீட்டில் அவசரம் ஆரம்பித்தது. "ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் கேன்சரா இல்லையான்னு தெரிஞ்சிருமே" என்றார் என் மாமா. டாக்டர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். ஊசி பட்டதும் கட்டி ஹார்மோனை ஒட்டுமொத்தமாகக் கொட்டிவிடும் அபாயம் உண்டு.

பிரசோசின் தொடங்கினார்கள். ஆல்ஃபாவை அடைக்கிற மருந்து. முதல் டோஸ் இரவு படுக்கும்போதுதான். சட்டென்று எழுந்தால் பிபி இறங்கி மயங்கி விழுவோம். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி, ஆல்ஃபா நன்றாக அடைபட்ட பிறகுதான், இதயத் துடிப்புக்கு ஒரு பீட்டா மருந்து. கூடவே உப்பையும் தண்ணீரையும் கூட்டச் சொன்னார்கள். அம்மாவுக்கு இதுதான் தாங்கவில்லை. "பிபிக்காரிக்கு உப்பைக் கூட்டிப் போடச் சொல்றாரே, என்ன டாக்டர் இவரு?" டாக்டர் அம்மாவையே உட்காரவைத்துச் சொன்னார்: "அம்மா, இத்தனை நாளா இவங்க ரத்தக் குழாய் எல்லாம் சுருங்கியே கிடந்தது. மருந்து இப்போ அதை விரிக்குது. உள்ளே நிரப்ப ஆள் வேணும்ல?" அன்றிலிருந்து உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் ஊறுகாயும் வேளைக்கு வேளை வந்தன. அந்த நாட்களை நான் காத்திருப்பாக நினைக்கவில்லை. சிகிச்சையில் பாதி அதுதான்.

ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாக நடந்தது. சர்ஜனைவிட மயக்க டாக்டர்தான் என்னிடம் அதிக நேரம் பேசினார். கட்டியைத் தொடும்போது பிபி ஏறும், அதன் சிரை நாளத்தைக் கட்டியதும் சரியும்; இரண்டுக்கும் மருந்தைக் கையில் வைத்திருப்போம் என்றார். அன்றிரவு ஐசியூவில் சர்க்கரையை அடிக்கடி குத்திப் பார்த்தார்கள், அது திடீரென்று இறங்கக்கூடும் என்பதால். உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதும் அட்ரீனல்தான்; இடது அட்ரீனல் நன்றாக இருப்பதால் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படவில்லை.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: இந்த வகைக் கட்டியை அடிக்கடி பார்க்கிற குழு இருக்கும் இடத்துக்குப் போங்கள். வேலூர் சிஎம்சியிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் எண்டோகிரைன் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு. சர்ஜனோடு எண்டோகிரைன் டாக்டரும் மயக்க டாக்டரும் சேர்ந்து பேசுகிறார்களா என்று பாருங்கள். எனக்கு அதுதான் முதல் தகுதி.

இந்தக் கட்டி வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரை மரபணு மாற்றத்தால் வருகிறது. எனக்கு வான் ஹிப்பல் லிண்டாவ் மரபணுவில் மாற்றம் இருந்தது. கண் விழித்திரை, மூளை, சிறுநீரகம், கணையம் என்று பல இடங்களில் இது வேலை காட்டும். அதனால் எனக்கு வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் போக ஐம்பது சதவீத வாய்ப்பு என்றதும் அன்று நான் அழுதேன். உடன்பிறந்தவர்களிடம் சொல்வதும் லேசாக இல்லை. தம்பி, "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, பொண்ணு பார்க்கிற நேரத்துல இதெல்லாம் எதுக்கு" என்று தள்ளிப்போட்டான். விடாமல் கூட்டிப்போனேன். அவனுக்கும் அதே மாற்றம் இருக்கிறது. கட்டி எதுவும் இல்லை. தங்கைக்கு இல்லை. என் மகனுக்கு இருக்கிறது. அவனுக்கு இப்போது ஏழு வயது. வருடத்துக்கு ஒருமுறை பிபி, மெட்டாநெஃப்ரின், கண் பரிசோதனை. அடுத்தது முழுப்பரீட்சை லீவில்.